பாப்பா கிடைச்சாச்சு

போன மாதம் ஒரு நாள் காலை, கூடப் படித்தவர்கள் இருக்கும் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. மஞ்சள் கவுன் போட்ட சின்னப் பெண். ஆறு வயது இருக்கும். முன்பல் இரண்டும் விழுந்த வாயைத் திறந்து சிரிக்கிறாள். தோளுக்குப் பின்னால் யாருடைய கையோ பாதி தெரிகிறது. ஏதோ குடும்பப் படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கீழே நமக்கெல்லாம் மனப்பாடமான வாசகம்: இந்தக் குழந்தையை இன்று காலை முதல் காணவில்லை, பார்த்தவர்கள் உடனே இந்த எண்ணுக்குத் தெரிவிக்கவும், அதிகம் பகிரவும். மேலே, பலமுறை பகிரப்பட்டது என்று சொல்லும் அந்த இரட்டை அம்புக்குறி. எனக்குப் பதற்றம் வரவில்லை. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பு அன்றைக்கு முழுக்க விடவில்லை. ராத்திரி உட்கார்ந்து பழைய போனிலிருந்து எடுத்து வைத்திருந்த படங்களைத் துழாவினேன். இருந்தது. 2017-ஆம் வருடத்துக் கோப்புறையில், அதே மஞ்சள் கவுன், அதே பாதிக் கை.

அதைவிட மோசமான விஷயம் ஒன்றும் கூடவே ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் படத்தை அன்றைக்கு நானும் அனுப்பியிருந்தேன். ஒன்றிரண்டு பேருக்கு இல்லை. கையில் இருந்த குழுக்கள் அத்தனைக்கும். இப்போது இருப்பதுபோல ஒரே நேரத்தில் ஐந்து உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடு அப்போது கிடையாது. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய், கடைசியில் பச்சை அம்பை அழுத்தினால் முடிந்தது. அன்றைக்கு ஏதோ நல்ல காரியம் செய்த நிறைவோடு தூங்கப் போயிருப்பேன். அப்புறம் அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

"இன்று காலை முதல்" என்ற சொற்கள்தான் என்னை அரித்தன. எட்டு வருடமாக அந்தக் குழந்தைக்கு இன்று காலை. குழுவில் ஒருவர் அதற்குள் கைகூப்பும் சின்னம் போட்டிருந்தார். இன்னொருவர் "பகிர்ந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் கழித்து, செய்யலாமா வேண்டாமா என்று பலமுறை யோசித்த பிறகு, அந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

மறுமுனையில் இருந்தவர்

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஓர் ஆண் குரல், "பாப்பா கிடைச்சாச்சு சார்" என்றது. "படம் பாத்துட்டுத்தானே கூப்பிடுறீங்க? அன்னைக்கே கிடைச்சாச்சு. நல்லா இருக்கா. ரொம்ப நன்றிங்க." வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்தது. எத்தனை தடவை சொன்னால் ஒரு வாக்கியம் இப்படி மழமழவென்று ஆகும்! அவசரமாக, "இல்ல சார், பழைய படம்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு அதை அனுப்பினவங்கள்ல நானும் ஒருத்தன். அதான் கேக்கலாம்னு..." என்று இழுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். இருபது நிமிடம் பேசினார்.

அன்றைக்குக் குழந்தை பக்கத்தில் ஒரு வீட்டுக்கு விளையாடப் போய், அங்கே மாடி அறையில் தூங்கிவிட்டாள். அந்த வீட்டுக்காரர்கள் வெளியே போயிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பதினோரு மணிக்கு அவருடைய மச்சான் அந்தச் செய்தியை எழுதி, வீட்டில் மாட்டியிருந்த படத்தைப் போனில் எடுத்துச் சேர்த்து அனுப்பினார். நாலு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு குழந்தை இறங்கி வந்தது. மொத்தம் ஐந்து மணி நேரம். உடனே இரண்டாவது செய்தி எழுதினார்களாம்: குழந்தை கிடைத்துவிட்டாள், எல்லோருக்கும் நன்றி, இனி பகிர வேண்டாம். "அது எங்க தெருவைத் தாண்டல சார்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். முதல் வாரம் போனைக் கீழே வைக்க முடியவில்லை. அப்புறம் குறைந்தது. அப்புறம் சில மாதங்களுக்கு ஒரு முறை, எந்தக் காரணமும் இல்லாமல், அலைபோல ஒரு கூட்டம் அழைப்புகள் வரும். எங்கேயோ யாரோ மறுபடி தூசு தட்டி அனுப்பியிருப்பார்கள். தெரியாத எண் என்றாலே பாதி அதுதான் என்று பழகிவிட்டது.

எண்ணை மாற்றியிருக்கலாமே என்றேன். நான் கேட்டதிலேயே முட்டாள்தனமான கேள்வி அதுவாகத்தான் இருக்கும். "மாத்தலாம்னுதான் இருந்தோம். ஆனா கூப்பிடுறவங்க எல்லாருமே நல்லவங்க சார். நம்பர் உபயோகத்துல இல்லைன்னு வந்தா, ஐயோ பாவம், கிடைக்கவே இல்ல போலன்னு நினைச்சுக்குவாங்கல்ல?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, இரண்டாவது காரணத்தைச் சொன்னார். குழந்தைக்கு எட்டு வயதானபோது ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார். கூட்டத்தில் ஒரு பெண் குழந்தையை உற்றுப் பார்த்துவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பிள்ளை யாரு? உங்க பிள்ளையா? போட்டோல வந்த பிள்ளை மாதிரி இருக்கே?" நாலு பேர் நின்றார்கள், பிறகு பத்துப் பேர். குழந்தை பயந்து அழுதது. அழுகையைப் பார்த்ததும் கூட்டத்துக்குச் சந்தேகம் கூடியது. ஒருவர் சட்டையைப் பிடித்தார். "படத்துல இருக்குற நம்பருக்கு அடிங்கன்னு கத்தினேன் சார். யாரோ அடிச்சாங்க. என் பையில மணி அடிச்சுது. அதனாலதான் தப்பிச்சேன். அதுக்கப்புறம் இந்த நம்பரை எப்படி மாத்துறது?"

நான் அனுப்பிய படம்தான் அந்தப் பெண்ணின் போனுக்கும் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. போயிருக்காது என்றும் சொல்ல முடியாது.

முடிவு வெட்டப்பட்ட காணொளி

அன்று முதல் நான் யோசித்துக்கொண்டிருப்பது பொய்ச் செய்தியைப் பற்றி இல்லை. பொய்ச் செய்தியைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளை அலசி, உண்மையைவிடப் பொய்தான் வேகமாகவும் தூரமாகவும் போகிறது என்று சயின்ஸ் இதழில் 2018-இல் வந்த ஆய்வை இப்போது எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் என் மஞ்சள் கவுன் குழந்தையை எந்தப் பக்கம் வைப்பது? அந்தச் செய்தி உண்மை. எழுதியவர் நிஜமான மாமா, காணாமல் போனது நிஜமான குழந்தை, தொலைபேசி எண் இன்றைக்கும் வேலை செய்கிறது. எழுதப்பட்ட நேரத்தில் அதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. நாலு மணிக்கு அது காலாவதியானது. அவ்வளவுதான். அந்த நாலு மணியைச் செய்தியோடு சேர்த்து அனுப்ப வழி இல்லாமல் போய்விட்டது.

எப்படி என்று பார்த்தால் காரணம் சின்னதாகத்தான் இருக்கிறது. வாட்ஸப்பில் ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் பொடி எழுத்தில் ஒரு நேரம் இருக்கும். அதை நாம் செய்தியின் நேரமாகப் படிக்கிறோம். அது செய்தி எழுதப்பட்ட நேரம் இல்லை. எனக்கு அதை அனுப்பியவர் அம்பை அழுத்திய நேரம். ஃபார்வர்டு ஆகும் ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தி புதிதாகப் பிறக்கிறது. படத்துக்குள் எடுத்த நாள், எடுத்த இடம் எல்லாம் பதிந்திருக்குமே என்றால், சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது அந்த விவரங்கள் கழற்றப்பட்டுவிடுகின்றன. அது நம் நல்லதுக்குத்தான். நான் அனுப்பும் படத்திலிருந்து என் வீடு எங்கே என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. ஆக, அந்தரங்கத்தைக் காப்பாற்றும் அதே ஏற்பாடுதான் படத்தின் வயதையும் அழிக்கிறது. பழைய நாளிதழைக் கையில் எடுத்தால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி இருக்கும், தாள் பழுத்திருக்கும். இங்கே எட்டு வருடப் படமும் எட்டு நிமிடப் படமும் ஒரே பளபளப்பு.

தேதி இல்லாத அச்சம் என்ன செய்யும் என்பதற்கு 2018-ஆம் வருடம் போதும். பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக வேலை செய்யும் அமைப்பு ஒன்று விழிப்புணர்வுக்காக ஒரு குறும்படம் எடுத்திருந்தது. பைக்கில் வரும் இரண்டு பேர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்ற கருத்தில் ஓர் அட்டையைக் காட்டுகிறார்கள். இந்தியாவில் சுற்றிய பிரதியில் அந்தக் கடைசிப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. தூக்கிப் போவது மட்டும் இருந்தது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியோடு அது ஊர் ஊராகப் போனது. வழி கேட்டவர்கள், பிச்சை எடுத்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என்று சம்பந்தமே இல்லாதவர்களை அடித்தே கொன்றார்கள். அதே வருடம் ஆகஸ்ட் மாதம் மெக்சிகோவின் அகத்லான் என்ற ஊரில், இதே போன்ற வாட்ஸப் வதந்தியை நம்பிய கூட்டம் ஓர் இளைஞரையும் அவருடைய மாமாவையும் காவல் நிலைய வாசலில் எரித்துக் கொன்றது. அந்த இளைஞரின் தாய் வேறொரு நாட்டில் உட்கார்ந்து அதை ஃபேஸ்புக் நேரலையில் பார்த்தார். சட்டையைப் பிடித்த கை, பையில் அடித்த மணி என்று அந்தத் தந்தை சொன்னபோது எனக்கு இதெல்லாம்தான் ஓடியது. அவர் பிழைத்தது ஒரு தற்செயல். அன்றைக்குப் போனில் சார்ஜ் இருந்தது.

பால் பெட்டியில் இருந்த முகங்கள்

காணாமல் போன குழந்தையின் முகத்தை முன்பின் தெரியாதவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அமெரிக்காவின் டெ மொய்ன் நகரத்தில் 1982-இலும் 1984-இலும் பத்திரிகை போடப் போன இரண்டு பையன்கள் திரும்பவே இல்லை. 1984-இல் அங்கே ஒரு பால் நிறுவனம் அந்த இருவரின் படத்தையும் பால் அட்டைப்பெட்டியில் அச்சிட்டது. அந்த யோசனை நாடு முழுக்கப் பரவியது. அந்தப் பையன்கள் கிடைக்கவே இல்லை. கொஞ்ச வருடங்களில் அந்த வழக்கமும் ஓய்ந்தது. தினம் காலையில் சாப்பிட உட்காரும் குழந்தைகளை அந்த முகங்கள் பயமுறுத்துகின்றன என்ற குறையும் அதற்கு ஒரு காரணம். எனக்கு இதில் பிடித்திருப்பது வேறொரு விஷயம். பால் கெட்டுவிடும். பெட்டியின் மேலேயே அதற்கு ஒரு கடைசித் தேதி அடித்திருக்கும். ஒரு வாரத்துக்குள் பெட்டி குப்பைக்குப் போய்விடும், அடுத்த பெட்டியில் வேறு முகம் வரும். யாரும் அப்படித் திட்டம் போட்டுச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தச் செய்திக்கு ஓர் ஆயுள் இருந்தது.

பிறகு வந்த ஆம்பர் அலர்ட் இதைத் தெரிந்தே செய்தது. 1996-இல் டெக்சஸில் கடத்திக் கொல்லப்பட்ட 9 வயதுச் சிறுமியின் பெயரில், கடத்தப்பட்ட குழந்தைகளுக்காகத் தொடங்கிய அவசர அறிவிப்பு ஏற்பாடு அது. யார் வேண்டுமானாலும் அறிவிப்புக் கொடுத்துவிட முடியாது, காவல்துறை உறுதி செய்ய வேண்டும். தேடல் நடக்கும் பகுதியில் இருப்பவர்களுக்குத்தான் அது போகும். குழந்தை கிடைத்துவிட்டால் அறிவிப்பை விலக்கிக்கொள்ள ஓர் அலுவலகம் இருக்கிறது. 2015-இல் ஃபேஸ்புக்கும் அமெரிக்காவில் இந்த அறிவிப்புகளைக் காட்டத் தொடங்கியபோது, அந்தந்தத் தேடல் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்ற எல்லையோடுதான் காட்டியது. நம்முடைய "அதிகம் பகிரவும்" என்பதில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. உறுதி செய்ய ஆள் இல்லை, எல்லை இல்லை, நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. நல்ல மனசு மட்டும் ஏராளமாக இருக்கிறது.

நிறுவனங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயம் இல்லை. இங்கே நடந்த அந்தக் கொலைகளுக்குப் பிறகு வாட்ஸப் 2018-இல் இந்தியாவிலும் 2019 ஜனவரியில் உலகம் முழுக்கவும் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று கட்டியது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறிய செய்தி என்றால் ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் என்று இன்னும் இறுக்கியது. அதனால் அப்படிப்பட்ட செய்திகளின் போக்குவரத்து 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. நம்புகிறேன். ஆனால் அது வேகத்தைத்தான் குறைக்கும், ஆயுளைத் தொடாது. மஞ்சள் கவுன் குழந்தை மெதுவாக நடந்து, எட்டு வருடம் கழித்தும் என்னிடமே வந்து சேர்ந்துவிட்டாளே! அந்த இரட்டை அம்புக்குறியும், இது நிறையப் பேரைத் தாண்டி வந்தது என்று சொல்கிறதே தவிர எப்போது கிளம்பியது என்று சொல்வதில்லை. இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள் என்றால் முக்கியமான விஷயம்தான் போல என்று அதையே ஒரு சிபாரிசாக எடுத்துக்கொள்பவர்களையும் பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா அவர்களில் ஒருவர்.

தேதியைக் கண்ணில் படும்படி வைத்தவர்களும் உண்டு. கார்டியன் நாளிதழ் 2019-இல் தன் தளத்தில் பழைய கட்டுரைகளின் மேல், இதற்கு இத்தனை வயது என்று மஞ்சள் பட்டை கட்டியது. இணையத்தில் பகிரப்படும் சின்னப் படத்திலேயே ஆண்டு தெரியும்படி செய்தது. பழைய செய்திகள் புதிதுபோலச் சுற்றி வம்பு வளர்த்ததுதான் காரணம். அடுத்த வருடம் ஃபேஸ்புக், 90 நாளுக்கு மேல் பழைய செய்தியைப் பகிரப் போனால் ஒரு நிமிடம் நிறுத்தி எச்சரித்தது. இதெல்லாம் சுட்டி இருக்கும் செய்திக்கு. வெறும் படமாகத் திரியும் ஒன்றை யார் நிறுத்திக் கேட்பது? வாட்ஸப்பில் உள்ளே இருப்பதை நிறுவனமும் படிக்க முடியாதபடி பூட்டு போட்டிருக்கிறது. 2016 முதல் இருக்கும் அந்தப் பூட்டு எனக்கும் வேண்டும். பூட்டையும் வைத்துக்கொண்டு, அந்தச் செய்தியைத் திரும்ப அழைத்துக்கொள் என்றும் நான் கேட்க முடியாது.

சுறா

நடுவில் ஒரு சுறாக் கதை. 2011-இல் ஐரீன் புயல் அடித்தபோது, வெள்ளம் சூழ்ந்த சாலையில் காருக்குப் பக்கத்தில் சுறா நீந்துவதுபோல ஒரு படம் வந்தது. ஒட்டுவேலை. அதன் பிறகு எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் அந்தச் சுறா வந்துவிடும். நகரம் மாறும், கார் மாறாது. பத்து வருடமாக அதைப் பார்த்துச் சிரித்துப் பழகிய நேரத்தில், 2022-இல் இயன் புயலின்போது ஃபுளோரிடாவில் ஒரு வீட்டுப் பின்புறத்து வெள்ளத்தில் சுறா போன்ற மீன் துள்ளும் காணொளி வந்தது. எல்லோரும் கேலி செய்தார்கள். விசாரித்துப் பார்த்தால் அது அசல்.

அரசியலில் இந்தச் சுறா தினமும் நீந்துகிறது. ஒரு நாட்டில் கலவரம் என்றால் இன்னொரு நாட்டில் என்றைக்கோ நடந்த அடிதடியின் காணொளி வந்துவிடும். போர் என்றால் போன போரின் குண்டுவீச்சு. அதுவும் இல்லாவிட்டால் ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் அசல் போர்க்களமாக வந்து நிற்கும். அது இத்தனை தடவை நடந்து, விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே 2022-இல் விளக்க அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. இப்படி வந்து குவியும் எதிலும் முடிவு இருப்பதில்லை. பிடிபட்டவர் நிரபராதி என்று விடுதலையானது வராது, இரண்டு தரப்பும் சமாதானமானது வராது, தீ அணைந்தது வராது. ஆரம்பங்கள் மட்டும் மனதில் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒரு கூட்டத்தைப் பயத்திலேயே வைத்திருக்க விரும்புகிறவருக்குப் பொய் சொல்லும் சிரமம்கூட வேண்டாம், தேதியை மட்டும் எடுத்துவிட்டால் போதும். இன்னொரு பக்கம், எனக்கு உண்மையான பயம் ஒன்று இருக்கிறது. நாளைக்கு நிஜமாகவே ஒரு குழந்தை காணாமல் போய், அந்தப் படம் என் குழுவுக்கு வரும்போது, "ஓ, பழைய படமாக இருக்கும்" என்று நான் தள்ளிவிட்டுப் போவேன். போயிருக்கிறேன் என்றுகூட நினைக்கிறேன்.

கிடைத்த செய்தியை அனுப்பிப் பார்த்தது

பேச்சின் முடிவில் அவர் ஒன்று கேட்டார். "நீங்க அன்னைக்கு அனுப்பின ஆளுங்களுக்கு, கிடைச்சாச்சுன்னு ஒரு வரி போட்டுவிட முடியுமா சார்?" முடியும் என்றேன். 2017-இல் இருந்த குழுக்களில் பாதி இப்போது இல்லை. இருந்த மட்டும் அனுப்பினேன். எட்டு வருடத்துக்கு முன் காணவில்லை என்று நான் பகிர்ந்த குழந்தை அன்றைக்கே கிடைத்துவிட்டாள், நலமாக இருக்கிறாள், படம் வந்தால் பகிர வேண்டாம். ஒரு குழுவில் கட்டைவிரல் வந்தது. ஒரு குழுவில் ஒன்றும் வரவில்லை. சித்தப்பா, "எந்தக் குழந்தைப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. யாருக்கு ஞாபகம் இருக்கும்? சரி என்று படத்தையும் போட்டு, அதன் கீழே விவரத்தை மறுபடி எழுதினேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

நாலு நாள் கழித்து வேறொரு குழுவில் அந்தப் படம் வந்தது. நான் எழுதிய வரிகள் இல்லை. எங்கேயோ கை மாறும்போது படம் மட்டும் கழன்று வந்துவிட்டது. கீழே ஒருவர், "என்ன ஆச்சு இந்தக் குழந்தைக்கு?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "காணாமப் போயிருச்சு போல. பாவம். எல்லாரும் பகிருங்க" என்று பதில் போட்டிருந்தார். எட்டு வருடப் பழைய அலை ஒன்று ஓயட்டும் என்று கிளம்பி, நானே புதிதாக ஒன்றைக் கிளப்பிவிட்டிருந்தேன். படத்தின் குறுக்கே பெரிய எழுத்தில் எழுதி அனுப்பியிருக்க வேண்டும் என்று அப்புறம்தான் தோன்றியது. அதையும் யாராவது வெட்டித்தான் அனுப்புவார்களோ என்னவோ.

இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இன்னும் சில நாளைக்கு அழைப்புகள் கூடுதலாக வரும், அதற்குக் காரணம் நான்தான் என்று. மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை எடுத்தது அவர் இல்லை. பின்னால் தொலைக்காட்சிச் சத்தம், தட்டு வைக்கும் சத்தம். ஓர் இளம் குரல், மூச்சு விடாமல், பழகிய வேகத்தில் சொன்னது:

"பாப்பா கிடைச்சாச்சு அங்கிள். நான்தான் பாப்பா. அப்பா குளிக்கிறாங்க, ஏதாவது சொல்லணுமா?"